பு தெலாங் இருக்குமிடம்

சைகோன்
9 ஜூன் 1946

அன்புள்ள அண்ணா,

நீ லாரி ஏறிய காலையில் நான் வாசலுக்கு வரவில்லை. மாடி ஜன்னலுக்குப் பின்னால்தான் நின்றேன். நிலப்படத் தாள்களைச் சுருட்டி வைத்த தகரக் குழலைப் போர்வையில் சுற்றி, கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஒரு தடவை மேலே பார்த்தாய். நான் நகர்ந்துவிட்டேன்.

முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னது எனக்கே இன்னும் கேட்கிறது. "யார் எந்தக் கோட்டைப் போடச் சொன்னாலும் நீ போட்டுடுவே." சொன்னதில் பொய் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அம்மாவுக்கு முன்னால் சொன்னதற்குத்தான் வருத்தம். அவள் உன் பக்கம். "பென்சிலை எடுத்துக்கிட்டுப் போற பையன். துப்பாக்கியா தூக்கிட்டுப் போறான்? இவ எதுக்கு மூஞ்சைத் தூக்கி வெச்சிக்கிறா?" என்று அடுப்பிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

முதல் தேதி இங்கே கொச்சின்சீனா தன்னாட்சிக் குடியரசு அறிவிக்கப்பட்டது. மக்களிடம் வாக்குக் கேட்ட பிறகே எதுவும் என்று மார்ச்சில் ஹனோயில் கையெழுத்துப் போட்ட பிரெஞ்சுக்காரர்கள், யாரிடமும் எதையும் கேட்கவில்லை. அதற்குச் சில நாள் முன்னால் உன் மலைநாட்டுக்கும் தனி ஆட்சி என்றார்கள். அதன் விளிம்பை வரையத்தான் நில அளவை அலுவலகம் உன்னை அனுப்பியிருக்கிறது. அந்த விளிம்பில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் வரைந்துவிடாதே. என் பயம் அவ்வளவுதான்.

எனக்கும் புது வேலை. எங்கள் ராணுவ ஆய்வுப் பிரிவின் தலைவர் கொமாந்தான் ஒரு பெட்டி நிறையக் காகிதங்களை என் மேசையில் இறக்கினார். காக்கேசிய மலைகளில் கராபாக் என்று ஒரு பகுதி. இரண்டு நாடுகள் தனக்குத் தனக்கு என்று கேட்ட எல்லை நிலம். இருபது வருடங்களுக்கு முன் சோவியத் ஆட்சி அதைத் தன்னாட்சிப் பகுதியாக்கியது. எப்படி என்று நான்கு பக்கத்தில் சுருக்கித் தரவேண்டும். "கருத்து வேண்டாம், மத்மொசெல். அடைமொழி வேண்டாம். நடந்தது மட்டும்." அவருடைய சிவப்புப் பென்சிலுக்கு மிகக் குறைந்த வேலை கொடுப்பவள் நான் என்று அலுவலகத்தில் பெயர். உனக்கு உன் மெல்லிய கோட்டில் இருக்கும் கர்வம் எனக்கு அதில் உண்டு.

எழுது. கோபம் இருந்தால் கோபமாகவே எழுது.

ஒடெட்


பன் மே துவோட்
24 ஜூன் 1946

கோபக்காரத் தங்கைக்கு,

ஜன்னல் திரை அசைந்ததைப் பார்த்தேன். அன்று காலை காற்றே இல்லை. சரி, விடு.

வந்த மறுநாளே வயிறு கெட்டுவிட்டது. அம்மாவிடம் சொல்லாதே. மழை, சிவப்பு மண், அட்டை. பூட்ஸை இரவில் கழற்றினால் காலையில் அதற்குள் ஏதாவது குடியேறியிருக்கிறது. அதுவும் தன்னாட்சி கேட்கும் போலிருக்கிறது.

வேலை சுலபமானதுதான். 1931இல் யாரோ வரைந்த படத்தின் மேல் கண்ணாடி போன்ற கால்க் தாளை விரித்து ஓடை, முகடு, ஊர்ப்புள்ளி எல்லாவற்றையும் எடுக்கிறேன். பிறகு நேரில் போய்ச் சரிபார்த்து மசியில் முடிக்கவேண்டும். வழிகாட்ட ராடே என்ற மலை இனத்து ஆள் ஒருவனைக் கொடுத்திருக்கிறார்கள். பெயர் ஈ ப்ளோ. இங்கே ஆண்கள் பெயருக்கெல்லாம் முன்னால் ஓர் 'ஈ' உண்டு. பட்டாளத்தில் இருந்தவன், என்னைவிட நன்றாகப் பிரெஞ்சு பேசுகிறான். முதல் நாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மிசே ரேமோன், நீங்க எந்த ஊரு பிரெஞ்சுக்காரரு? வெயில்ல ரொம்ப நேரம் நின்னுட்டீங்களா?" என்று கேட்டான். பாண்டிச்சேரி என்றேன். "அது பாரிசுக்குப் பக்கமா?" என்றான். தெரிந்தேதான் கேட்டான்.

கலியாணமானால் ஆண் பெண் வீட்டுக்குப் போவது இவர்கள் வழக்கம். அவன் மனைவி ம்னோங் இனம். அவளுடைய ஊர் பு தெலாங். பழைய படத்தில் அந்தப் பெயருக்கு ஒரு புள்ளி இருக்கிறது. மூங்கிலை வெட்டிக்கொண்டு அங்கே போனோம். ஒரு பலாமரமும் பாசி பிடித்த அடுப்புக்கற்களும்தான் இருந்தன.

"ஊர் எங்கேடா?"

"நடந்து போயிடுச்சு மிசே."

சில வருடங்களில் மண் களைத்துப்போகுமாம். அப்போது ஜாடிகள், சேகண்டிகள், பெயர் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஊரே நகர்ந்துவிடும். பெயர் ஆட்களோடு போகிறது; மண்ணோடு தங்குவதில்லை. இப்போதைய பு தெலாங் தெற்கே இரண்டு குன்று தாண்டி, ஆற்றை ஒட்டி இருக்கிறது. அப்படியென்றால் என் படத்தில் இருக்கும் புள்ளி எல்லாமே பொய். மேலதிகாரியிடம் சொன்னேன். "புள்ளிகளை விடு, கோட்டை முடி" என்றார்.

உன் பயத்துக்கு ஒரு பதில்: ஆறுதான் எல்லை என்று பேச்சு. அப்படியானால் பு தெலாங் உள்ளே வரும். உள்ளே இருக்கும் நிலத்தை ரப்பர்த் தோட்டத்துக்காரர்கள் தொட முடியாது. பார்த்துத்தான் வரைகிறேன், வாத்தியாரம்மா.

ரேமோன்


சைகோன்
7 ஜூலை 1946

அன்புள்ள அண்ணா,

இனி தபாலில் எழுதாதே. தணிக்கையில் தமிழ்க் கடிதம் படிக்கத் தெரிந்தவர் அண்ணாமலை ஒருவர்தான். போன வாரம் சந்தையில் அம்மாவைப் பார்த்து, "ஆச்சி, தம்பிக்கு வயிறு இப்ப தேவலையா? ஓமத்தண்ணி குடுத்தனுப்புங்க" என்று சொல்லியிருக்கிறார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். இந்தக் கடிதத்தையும் ஓமத்தையும் தாஜுதீன் பாய் கொண்டுவருகிறார். அமிரால் துப்ரே தெருப் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஜவுளிக்கடை. உப்பும் துணியும் ஏற்றிக்கொண்டு மாதம் இரு தடவை உன் மலைக்கு வருகிறார். "தங்கச்சி லெட்டரை நான் படிக்க மாட்டேன். எனக்கு என் வீட்டுச் சண்டையே போதும்" என்றார்.

கராபாக் என்னை விடமாட்டேன் என்கிறது. மலையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அர்மீனியர். சுற்றிலும் அஜர்பைஜான். ரஷ்யப் பேரரசு உடைந்ததும் இருவரும் உரிமை கோரினார்கள். ஊர்கள் எரிந்தன. பிறகு செம்படை வந்தது. 1921 ஜூலை நான்காம் தேதி திஃப்லிஸ் நகரத்தில் ஒரு கட்சிக் குழு கூடி, அது அர்மீனியாவுக்கு என்று வாக்கெடுத்தது. மறுநாள் அதே குழு கூடி, அஜர்பைஜானிலேயே இருக்கட்டும், விரிந்த தன்னாட்சி தரலாம் என்றது. இடையில் யார் யாரிடம் என்ன பேசினார்கள்? பெட்டியிலிருக்கும் எந்தக் காகிதமும் சொல்லவில்லை. தன்னாட்சி என்பது அந்த மக்கள் கேட்டு வாங்கியது என்று நினைத்திருந்தேன். ஒரு தீர்ப்பை மாற்றியதற்குக் கொடுத்த ஆறுதல் பரிசு போலிருக்கிறது.

அதன்பின் இரண்டு வருடம் இழுத்தடித்து, 1923 ஜூலையில் தன்னாட்சிப் பகுதி பிறந்தது. அப்புறம் கோடு. அந்தக் கோடு அர்மீனியாவைத் தொடவே இல்லை அண்ணா. வெகு அருகில் வந்து நின்றுவிடுகிறது. நடுவே ஒரு குறுகிய பட்டை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் அவர்களுடைய சொந்தக்காரர்கள், இடையில் யாரோ ஒருவருடைய நிலம்.

கொமாந்தானை எச்சரிக்கலாம் என்றுதான் அதை எழுதினேன். "விந்தையான இந்த இடைவெளி பின்னாளில் கேடாக முடியலாம்" என்றும் எழுதினேன். சிவப்புப் பென்சில் வந்தது. 'விந்தையான' போயிற்று. 'கேடாக முடியலாம்' என்பது கருத்து, அதுவும் போயிற்று. மிஞ்சியது இது: "எல்லைக்கோடு அண்டை நாட்டைத் தொடவில்லை. நடுவே ஒரு குறுகிய பட்டை விடப்பட்டது. அதன்பின் கலகம் எதுவும் பதிவாகவில்லை."

மூன்றும் உண்மைதான். சேர்த்துப் படித்தால் ஏனோ எனக்குப் பிடிக்கவில்லை. "திரே பியான்" என்று மெச்சி எடுத்துக்கொண்டு போனார்.

ஓமத்தைக் கொதிக்கவைத்துக் குடி.

ஒடெட்


பன் மே துவோட்
29 ஜூலை 1946

ஒடெட்,

நேற்று சைகோனிலிருந்து உத்தரவு வந்தது. மூன்றாவது பத்தியைப் படித்ததும் உன் குரல் கேட்டது. "எல்லைக்கோடு ஆற்றைத் தொடாது. நடுவே ஒரு குறுகிய பட்டை விடப்படும்."

மலை மக்களும் சமவெளிக் கலகக்காரர்களும் ஒருவரை ஒருவர் தொடாமல் இருப்பதற்காக அந்தப் பட்டை ராணுவத்தின் நேர் நிர்வாகத்தில் இருக்குமாம். தோட்டங்களுக்குக் குத்தகைக்கும் விடலாமாம். ஏனென்றால் அங்கே குடியிருப்பு எதுவும் இல்லை. ஆதாரம்: 1931 படம்.

பு தெலாங் அந்தப் பட்டையில்தான் இருக்கிறது. ஈ ப்ளோவின் மனைவி இப்போது நிறைமாதம். போன வாரம் அவர்கள் நீண்ட வீட்டில் உட்கார்ந்து, ஜாடியில் குழல் வைத்து அரிசிச் சாராயம் உறிஞ்சிவிட்டு வந்தேன். படத்தின்படி நான் காற்றில் உட்கார்ந்து குடித்திருக்கிறேன்.

யார் சொன்னாலும் கோடு போடுவேன் என்றாயே. சரி, நான் கோடு போடுகிறவன். இந்தக் கோட்டைச் சொல்லிக்கொடுத்தது யார்? உலகத்தில் எங்கோ ஒரு மலையில் எவனோ செய்த அயோக்கியத்தனத்தைத் தேடிப்பிடித்து, கழுவித் துடைத்து, தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறாய். அடைமொழி கூட இல்லாமல்.

தாஜுதீன் பாய் நாளை கிளம்புகிறார். அதனால் அவசரமாக எழுதுகிறேன். அவசரம் இல்லாவிட்டாலும் இதையேதான் எழுதியிருப்பேன்.

ரேமோன்


சைகோன்
11 ஆகஸ்ட் 1946

அண்ணா,

உன் கடிதத்தை இரண்டு நாள் கைப்பையிலேயே வைத்திருந்தேன். பதில் என்று எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டேன். நீ சொன்னது சரி. அதற்குமேல் அதைப்பற்றி எழுதினால் என்னை நானே தடவிக்கொடுப்பது போலாகிவிடும்.

கொமாந்தானிடம் போனேன். பட்டையில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றேன். சுவரில் இருந்த படத்திடம் என்னைக் கூட்டிக்கொண்டு போய், "எங்கே, காட்டுங்கள்" என்றார். ஆற்றுக்கு வடக்கே வெறும் பச்சை. "ஊர்கள் நகர்ந்துவிட்டன" என்றேன். "ஊர் நகருமா, மத்மொசெல்?" என்று சிரித்தார். கேலியாகக்கூட இல்லை, கனிவாகவே சிரித்தார். பிறகு சொன்னார்: "படத்தில் இருந்தால் பேசலாம். படத்தில் இல்லாதவர்களுக்காக நான் யாரிடம் போய்ப் பேசுவேன்?"

அதையே பிடித்துக்கொள்வோம். பு தெலாங்கை அது இருக்கும் இடத்தில் போடு. பட்டையில் இருக்கும் மற்ற ஊர்களையும் போடு. அச்சாகிவிட்ட ஊரை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. 'குடியிருப்பு இல்லை' என்ற ஒரு காலில்தான் அந்த உத்தரவு நிற்கிறது. அந்தக் காலை எடுத்துவிட்டால் கோடு ஆற்றுக்கே திரும்பவேண்டும். பாரிஸ் பக்கத்தில் ஹனோய்க்காரர்களோடு பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போது ஊர்களை அப்புறப்படுத்தியதாகப் பெயர் வாங்க இவர்கள் விரும்பமாட்டார்கள்.

புள்ளிகளை விடு என்று உன் மேலதிகாரி சொன்னார். நீ கேட்கவேண்டாம். ஒரே ஒரு தடவை, சொல்லாததை வரை.

அம்மா உனக்குக் கருவாடு கட்டிவைத்திருக்கிறாள். லாரி முழுக்க நாறும் என்றேன். "நாறட்டும். எம்புள்ள திங்கட்டும்" என்றாள்.

ஒடெட்


பன் மே துவோட்
1 செப்டம்பர் 1946

ஒடெட்,

கருவாடு வந்தது. தாஜுதீன் பாயின் சீட்டித்துணிகளும் கருவாடாகவே வந்து சேர்ந்தன. "உங்கம்மா கிட்ட சொல்லுங்க தம்பி, இந்தத் துணியைக் கட்டிக்கிட்டா பூனைதான் பின்னாடி வரும்" என்று அழாத குறை.

செய்துவிட்டேன். ஈ ப்ளோவும் நானும் பட்டை முழுவதும் நடந்தோம். ஒவ்வொரு ஊராகப் போய், திசைகாட்டி வைத்து, முகட்டிலிருந்து கோணம் எடுத்து, இருக்கும் இடத்தில் புள்ளி வைத்தேன். போகும் வழிகளையும் போட்டேன். எந்த ஓடையில் மழைக்காலத்தில் இறங்க முடியும் என்பதையும். இவ்வளவு நல்ல தாளை நான் இதுவரை வரைந்ததில்லை. அப்பா சுங்கச் சாவடியில் எழுதிய கையெழுத்தைப் பார்த்து ஊரே மெச்சுமே, அவர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

பு தெலாங்கில் ஈ ப்ளோவின் மாமியார் நான் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது; அவர்களுக்குப் பெண் என்றால்தான் திருவிழா. கிழவி கேட்டதை ஈ ப்ளோ சொன்னான்.

"இந்தத் தாளைப் பார்த்துட்டு யாரு வருவாங்கன்னு கேக்கறா."

"நிர்வாகம்னு சொல்லு."

அவன் சொன்னான். கிழவி ஏதோ சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"அது என்ன திங்கும்னு கேக்கறா, மிசே. இப்பவே ஆக்கி வெக்கணுமாம்."

நானும் சிரித்தேன். தாள் இன்று சைகோனுக்குப் போகிறது. உன் கொமாந்தான் மேசைக்கு வரும். வந்ததும் எழுது.

சண்டை முடிந்ததாக வைத்துக்கொள்ளலாமா?

ரேமோன்


சைகோன்
15 செப்டம்பர் 1946

அன்புள்ள அண்ணா,

முடிந்தது.

தாள் வந்தது. நான்தான் உறையைப் பிரித்தேன். பு தெலாங் என்ற எழுத்துகளை விரலால் தொட்டுப் பார்த்தேன். கொமாந்தான் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்தார். "யார் இந்த ஆள்?" என்றார். என் அண்ணன் என்றேன். "குடும்பமே துல்லியம்" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டு நாளாக அந்தப் பெருமையோடுதான் நடமாடினேன். இன்று ஒன்று மட்டும் உறுத்துகிறது. கோடு மாறுமா என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. தாளுக்குப் பல பிரதிகள் எடுக்கச் சொல்லியிருக்கிறார். அவற்றில் ஒன்றுகூட நிர்வாகப் பிரிவுக்குப் போகவில்லை. எல்லாம் ராணுவ முகாமுக்குப் போயின.

வழக்கமான நடைமுறையாக இருக்கலாம்.

ஒடெட்


பன் மே துவோட்
6 அக்டோபர் 1946

ஒடெட்,

நடந்தது மட்டும் எழுதுகிறேன். உன் முறையில்.

செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒரு படைப்பிரிவு பட்டைக்குள் சென்றது. நோக்கம்: குடியிருப்புகளை அகற்றுவது. மழையில் ஓடைகளைக் கடக்கும் இடங்கள் தாளில் குறிக்கப்பட்டிருந்தன. புள்ளிகள் சரியாக இருந்தன. எந்த ஊரையும் தேடவேண்டியிருக்கவில்லை. பு தெலாங்குக்கு விடியும்போது போய்ச் சேர்ந்தார்கள். வீடுகளும் நெற்குதிர்களும் எரிக்கப்பட்டன. ஜாடிகள் உடைக்கப்பட்டன. நடக்க முடிந்தவர்கள் ரப்பர்த் தோட்டத்துக் கூலி லயங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஈ ப்ளோவின் மாமியார் வீட்டைவிட்டு இறங்கவில்லை. மனைவியும் குழந்தையும் லயத்தில் இருப்பதாகக் கேள்வி. பார்க்க அனுமதி இல்லை.

ஈ ப்ளோ அப்போது என்னோடு வடக்கே இருந்தான். திரும்பி வந்தபின் என் கொட்டகைக்கு வந்தான். தாளைக் காட்டச் சொன்னான். காட்டினேன். புள்ளியில் விரலை வைத்தான்.

"இதை வெச்சுத்தான் வந்தாங்களா?"

"ஆமா."

"நல்லா போட்டிருக்கீங்க, மிசே" என்றான்.

முகாமில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பழைய படத்தோடு போயிருந்தால் பலாமரத்தைத்தான் சுட்டிருப்போம் என்று ஓர் அதிகாரி சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர்களுக்கு அந்தத் தப்புப் புள்ளிதான் வேலியாக இருந்திருக்கிறது. நான் அதைப் பிடுங்கிவிட்டேன்.

ரேமோன்


சைகோன்
13 அக்டோபர் 1946

அண்ணா,

கராபாக் பெட்டியை மறுபடி திறந்தேன். அந்தக் குறுகிய பட்டையில் யார் இருந்தார்கள் என்று நான் தேடவே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. இருந்திருக்கிறார்கள். குர்துகள் என்று ஓர் இனம். சில வரிகளில் வருகிறார்கள், பிறகு காணவில்லை. நான் சுருக்கியபோது அந்த வரிகளும் போயின. அவற்றை வெட்டியது சிவப்புப் பென்சில் இல்லை. நான்தான்.

பு தெலாங்கைத் தாளில் போடச் சொன்னதும் நான்தான். இதை நீ எழுதாமல் விட்டுவிட்டாய். நான் எழுதிவைக்கிறேன்.

வந்துவிடு. அம்மா காரைக்காலுக்குக் கப்பல் சீட்டு விசாரிக்கிறாள். மூன்று பேருமாகப் போய்விடலாம். இதைக் கெஞ்சலாகவே எடுத்துக்கொள்.

ஒடெட்


பன் மே துவோட்
27 அக்டோபர் 1946

அன்புள்ள ஒடெட்,

இதைப் படித்ததும் அடுப்பில் போடு. அம்மா தீப்பெட்டியைக் கேட்டால் கொடுக்காதே, நீயே கொளுத்து.

இன்னொரு பட்டை வரப்போகிறது. முதல் பட்டை நன்றாக வேலை செய்ததாம். வடகிழக்கே, கடலோரப் பக்கம். அங்கே ஊர்கள் அதிகம். அந்தத் தாள்களையும் என்னைத்தான் போடச் சொல்லியிருக்கிறார்கள். வேறு யாரையும் அவர்கள் நம்பவில்லை.

நான் வரவில்லை. வந்துவிட்டால் என் இடத்துக்கு வேறொருவன் வருவான். அவன் புள்ளிகளைச் சரியாகப் போடுவான்.

ஈ ப்ளோ என்னை விட்டுப் போவான் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. லயத்துக் கங்காணி ஒருவனைப் பிடித்து மனைவிக்கு உப்பு அனுப்புகிறான். மற்ற நேரமெல்லாம் என்னோடு நடக்கிறான். இப்போது எங்கள் வேலை இப்படி: ஊர் இருக்கும் இடத்துக்குப் போவதில்லை. ஊர் இருந்து விட்டுப்போன இடங்களை அவன் காட்டுகிறான். பலாமரம், அடுப்புக்கல், இடிந்த கல்லறைத் தூண். அங்கே கோணம் எடுத்துப் புள்ளி வைக்கிறேன். கோடு சுத்தமாகத்தான் இருக்கிறது. மசி ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. ஒவ்வொரு புள்ளியும் ஆளில்லாத காடு.

நேற்று ஒரு புள்ளி வைத்தபோது, "இது எங்க அம்மா பொறந்த ஊரு. இங்க வந்து சுட்டா பேய்தான் திருப்பிச் சுடும்" என்றான். அந்த நாளுக்குப் பிறகு அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

கண்டுபிடித்தால் என்னைச் சுவரோரம் நிறுத்துவார்கள். பிரெஞ்சுக் குடிமகன் என்பதால் ஒருவேளை விசாரித்துவிட்டு நிறுத்துவார்கள். ஈ ப்ளோவுக்கு விசாரணைகூட இருக்காது.

யார் எந்தக் கோட்டைப் போடச் சொன்னாலும் போடுவேன் என்றாய். இப்போதும் அப்படித்தான், கோட்டை அவர்கள் சொன்னபடியே போடுகிறேன்.

ரேமோன்


சைகோன்
10 நவம்பர் 1946

அன்புள்ள அண்ணா,

எரித்துவிட்டேன். அம்மா, "என்னடி கருகுது?" என்றாள். பால் என்றேன். வீட்டில் பால் வாங்கி ஒரு வாரமாகிறது. அவள் வேறொன்றும் கேட்கவில்லை. கப்பல் சீட்டுப் பேச்சையும் அன்றோடு விட்டுவிட்டாள்.

உன் புதிய தாள்கள் வியாழக்கிழமை வந்தன. கூடவே தோட்டத்துக்காரர்கள் கொடுத்த ஊர்க் குறிப்புகளும் வந்தன. அவர்களுடைய ஆட்கள் காட்டில் சுற்றிச் சேகரித்தவை. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபாடு இருந்தால் எழுதித் தரவேண்டும் என்று கொமாந்தான் சொன்னார். யாரிடம் கொடுப்பது என்று அவர் யோசிக்கவே இல்லை. நேராக என் மேசைக்கு வந்தார். "உங்கள் அண்ணன் என்பதால் தயங்கமாட்டீர்கள். தெரியும்" என்றார்.

தயங்கவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தேன். அநேகமாக ஒன்றுகூடப் பொருந்தவில்லை. குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும் அண்ணா. அதற்குப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். இங்கே யாரும் பார்ப்பதில்லை. நான் எழுதுவதைத்தான் பார்க்கிறார்கள்.

என் அறிக்கை ஒரே வரி. "ஒப்பிடப்பட்டது. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை." சிவப்புப் பென்சில் 'குறிப்பிடத்தக்க' என்பதை அடித்தது. அடைமொழி. "வேறுபாடு இல்லை" என்று கையெழுத்தானது. என் பெயரும் அதன் கீழே இருக்கிறது. ஆகவே, சுவரோரம் நிற்கவேண்டி வந்தால் நீயும் ஈ ப்ளோவும் மட்டும் நிற்கமாட்டீர்கள். இதை உன்னைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் நின்றவள் வாசலுக்கு வந்துவிட்டாள் என்று சொல்லத்தான்.

தோட்டத்துக் குறிப்புகளைக் கோப்பில் வைக்கவேண்டும். வைத்தேன், தப்பான பெட்டியில். கராபாக் பெட்டியில். அதை என்னைத் தவிர யாரும் திறந்ததில்லை.

இப்போது கவனமாகப் படி. அறிக்கையை எடுத்துக்கொண்டு கொமாந்தான் ஜன்னலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார். மழை முடிந்ததும், டிசம்பரில், விமானத்திலிருந்து மலைநாடு முழுவதையும் புகைப்படம் எடுக்கப்போகிறார்கள். மேகம் இல்லாத ஒரு வாரம் கிடைத்தால் போதுமாம். புகைப்படத்தில் கூரை தெரியும். அடுப்புப் புகை தெரியும். அதற்கு நான் சுருக்கம் எழுத முடியாது.

மண் களைத்தால் ஊர் நகரும் என்று எழுதினாயே. இந்த வருடம் எல்லா ஊருக்கும் மண் சீக்கிரமே களைத்துவிட்டது என்று ஈ ப்ளோவிடம் சொல். பெருமரக் காட்டுக்குள், கூரை தெரியாத இடத்துக்கு நகரட்டும். நீ எந்த இடம் என்று கேட்காதே. கேட்டால் உன் கை அதைச் சரியாக வரைந்துவிடும்.

ஓமமும் உப்பும் தாஜுதீன் பாயிடம் கொடுத்திருக்கிறேன். உப்பு ஈ ப்ளோவுக்கு. பாய் இந்தத் தடவை காசு வாங்கவில்லை. "ரோடு காயறதுக்குள்ள போயிட்டு வந்துடறேன் தங்கச்சி. ரோடு காஞ்சா லாரிங்க நிறைய வரும்" என்றார். அவருக்கு என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை.

காலையில் பெய்துகொண்டிருந்தது. இப்போது விட்டுவிட்டது. அம்மா மாடியில் துணி உலர்த்துகிறாள். "அப்பாடா, வெளுத்திடுச்சு" என்கிறாள். எட்டிப் பார்த்தேன். கிழக்கே ஒரு துண்டு நீலம்.

ஒடெட்